318 உயிரோடு இருக்கிறான்

1957 ஜூன் 3, திங்கள்

காலையிலிருந்து ஜன்னலில் அறுபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் ஃப்ளூ. மில்லின் வைத்திய நிதிக்கு நான் குமாஸ்தா. நான் கார்டைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தால்தான் உள்ளே டாக்டர் மருந்து கொடுப்பார். கார்டு உள்ளவனும் இருமுகிறான், இல்லாதவனும் இருமுகிறான், எல்லாம் என் முகத்தில்தான். ஒருவன் கம்பிக்குள் கையை நுழைத்து என் சட்டையைப் பிடித்தான். ரூல்தடியால் ஒன்று வைத்தேன். கை தானாக வெளியே போயிற்று, வரிசையும் ஒழுங்காயிற்று.

வீட்டுக்கு வந்து முத்தம்மாளிடமும் கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. "நான் உங்க சம்சாரமா, உங்க ஜன்னல்ல நிக்கிறவளா?" என்று கேட்டாள்.

ஜூன் 11, செவ்வாய்

பாதி மில் படுத்துவிட்டது. ஆஜர்ப் புத்தகத்தில் மட்டும் ஒருவரும் லீவு இல்லை. எல்லாம் மேஸ்திரி ராஜமாணிக்கத்தின் கைங்கரியம். படுத்தவனுடைய பித்தளை டோக்கனைப் பதிலி ஆளின் கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிடுகிறார். கேட்டைத் தாண்டியதும் பதிலிக்குச் சொந்தப் பெயர் கிடையாது, டோக்கன்காரன் பெயர்தான். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் எழுதுவதில்லை. நான் மட்டும் எழுதி என்ன ஆகப்போகிறது?

ஜூன் 14, வெள்ளி

318 செத்துப்போனான். ஸ்பின்னிங்கில் நின்றபடியே விழுந்து, எங்கள் ஆஸ்பத்திரி அறையில் இரண்டு நாள் கிடந்தவன். மூக்கிலும் வாயிலும் ரத்தம். இடுப்புக் கயிற்றில் டோக்கன் இருந்தது. பதிவேட்டைப் பார்த்தேன்: 318, பச்சையப்பன், வேப்பம்பட்டு, மனைவி செண்பகம். சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டு 'மரணம்' என்று எழுதி டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். கார்டு ரத்து.

ஜூன் 15, சனி

செத்தவன் பச்சையப்பன் இல்லை. பச்சையப்பன் ஜுரத்தோடு வேப்பம்பட்டில் படுத்திருக்கிறான். செத்தவன் அவனுடைய பதிலி, பாக்கியராஜ்.

பாக்கியராஜின் பெண்டாட்டி ரோசம்மாள் ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "எம் புருஷன் பேரை எழுதலியாமே? வேற எவனோ செத்துட்டான்னு எழுதிக்கினியாமே?" ராஜமாணிக்கம் ஓடிவந்து அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவள் குதிகால் தேய்த்த கோடு கேட் வரைக்கும் மண்ணில் இருந்தது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

திரும்பி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "மாத்தி கீத்தி எழுதிடாத சார். பதிலி சமாச்சாரம் வெளிய வந்துச்சுன்னா என் சீட்டும் கிழியும், உன் சீட்டும் கிழியும். கம்முனு இரு."

கம்மென்று இருக்கிறேன். வேறென்ன செய்வது?

ஜூலை 8, திங்கள்

பச்சையப்பன் தேறி வந்துவிட்டான். "சார், நான் செத்துட்டனாமே?" என்று ஜன்னலில் நின்று சிரிக்கிறான். கார்டுக்கு உயிர் கொடுக்க வேண்டுமாம். நாளைக்கு வா என்றேன்.

ராஜமாணிக்கம் அவனை வேறு எவனோ ஒருவன் டோக்கனில் வேலைக்கு அனுப்புகிறார். இப்போது அவனே பதிலி!

ஆகஸ்ட் 22, வியாழன்

பச்சையப்பன் வந்தான். நாளைக்கு வா.

அக்டோபர் 9, புதன்

வந்தான். இப்போது சிரிப்பதில்லை. "சம்சாரம் முழுவாம இருக்குது சார், ஆறு மாசம். கார்டு இல்லாம எங்க போறது?" மானேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்கவில்லை. கேட்டால் நான் மாட்டிக்கொள்வேன். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

நவம்பர் 11, திங்கள்

ஃப்ளூ ஊசி மருந்து வந்திருக்கிறது. மதராசில் மறுபடியும் ஜுரம் கிளம்பியிருக்கிறதாம். இருநூறு பேருக்குத்தான் வரும். கார்டு உள்ளவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மட்டும், அதிலும் கர்ப்பிணிகளுக்கு முதலில் என்று டாக்டர் உத்தரவு. போன தடவை மில் தொழிலாளர் லைன் வீடுகளில் மூன்று பெண்கள் வயிற்றுப் பிள்ளையோடு போய்விட்டார்கள். ஆபீஸ்காரர்களுக்கு இன்றே போட்டாயிற்று. எனக்கும் போட்டார்கள். தோள் கடுக்கிறது.

நவம்பர் 12, செவ்வாய்

இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலது கை இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பச்சையப்பன் செண்பகத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஏழு மாச வயிறு. "எனுக்கு வேணாம் சார். இவளுக்கு மட்டும் சீட்டு எழுது."

"கார்டு இல்லை."

"கார்டை சாவடிச்சதே நீதானய்யா!"

வரிசை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. "செத்தவன் பெண்டாட்டிக்கு எதுக்குடா ஊசி? தாலியை அறுத்துட்டு வரச் சொல்லு" என்றேன்.

ஆமாம், சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்கள்மேல் ரூல்தடியை இறக்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. எலும்பு உடைகிற சத்தம் இரண்டாவது அடியிலேயே கேட்டது. கேட்ட பிறகுதான் மூன்றாவதை வைத்தேன். அவன் இன்னொரு கையை உள்ளே விட்டு என் இடது கையை வெளியே இழுத்துக் கம்பிமேல் வைத்து மடக்கினான். நான் போட்ட கூச்சல் எனக்கே வேறு யாரோ போட்டது மாதிரி இருந்தது. வரிசை கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மேஜை கவிழ்ந்தது, மைக்கூடு பறந்தது, வாட்ச்மேன்கள் தடியோடு புகுந்து மண்டை மண்டையாகப் போட்டார்கள். டாக்டர் மருந்துப் பெட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மூலையில் குந்திவிட்டார். அத்தனை அடிதடியிலும் செண்பகம் சுவரோடு ஒட்டி நின்றாள். இரண்டு கையும் வயிற்றின்மேல்.

அவன் லாக்கப்பில் இருக்கிறான். அங்கேயே அழுகட்டும்.

நவம்பர் 13, புதன்

புகார் கொடுக்கப் போனேன். சப்-இன்ஸ்பெக்டர் மில் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். "இன்னாய்யா இது? உன் கையை ஒடைச்சவன் ஜூன் மாசமே செத்துட்டான்னு நீயே எழுதிக்கிற. பொணத்து மேல கேஸ் போடச் சொல்றியா? முதல்ல அவனை உயிரோட எழுதிக்கினு வா."

ராஜமாணிக்கம் என் காலில் விழாத குறை. வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று பின்னாலேயே வந்தார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அவனை ஜெயிலில் தள்ள வேண்டும், என் வேலை போனாலும் சரி. சிவப்புக் கோட்டுக்குக் கீழே எழுதினேன்: '318 பச்சையப்பன் உயிரோடு இருக்கிறான். இறந்தவர் பதிலி பாக்கியராஜ்.' டாக்டர் ஒரு கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஐந்து மாசமாக முடியாத வேலை, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நவம்பர் 14, வியாழன்

செண்பகம் தனியாக வந்து கார்டை நீட்டினாள். மாட்டேன் என்று சொல்ல இப்போது வழியே இல்லை. சீட்டு எழுதினேன். வாங்கிக்கொண்டும் அவள் நகரவில்லை. என் கைக்கட்டையே பார்த்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஜூலைலேர்ந்து நடையா நடந்தாரு சார். உன் கை ஒடைஞ்சாத்தான் எழுதுவன்னு தெரிஞ்சிருந்தா, மொத நாளே ஒடைச்சிருப்பாரு."

உள்ளே போனாள். ஊசி போட்டாயிற்று. அவளுக்குப் பிறகு பதினோரு பேருக்குச் சீட்டு எழுதினேன். ஒருவர் பெயரும் மனசில் நிற்கவில்லை.

நவம்பர் 15, வெள்ளி

"மாசமா இருக்கிற பொண்ணைப் பார்த்துத் தாலியை அறுன்னு சொன்னீங்களாமே, நெசமா?" என்று முத்தம்மாள் கேட்டாள். ஆமாம் என்றேன். தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சோற்றை நானே போட்டுக்கொண்டேன்.

நவம்பர் 29, வெள்ளி

கோர்ட்டு. அவன்தான் முதலில் கை ஓங்கினான் என்று சொல்ல வேண்டும் என மில் வக்கீல் நேற்றே சொல்லிக் கொடுத்திருந்தார். கூண்டில் நின்ற பச்சையப்பனின் வலது கையைப் பார்த்தேன். இரண்டு விரல்களை மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஸ்பின்னிங்கில் அறுந்த நூலிழைக்கு முடிச்சுப் போடுகிற விரல்கள். இனிமேல் முடிச்சுப் போட வராது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம்.

"முதலில் அடித்தது யார்?" என்றார் மாஜிஸ்ட்ரேட்.

"நான்தான்."

காதில் விழாதது போல மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். வக்கீல் ஃபைலை மூடினார். மத்தியானம் அவனை விட்டுவிட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று மானேஜர் ஆள் அனுப்பிச் சொன்னார்.

சாயங்காலம் ஸ்டேஷனில் அவர்களும் இருந்தார்கள். வேப்பம்பட்டுக்கும் எங்கள் திருநின்றவூருக்கும் ஒரே வண்டிதான். என்னைப் பார்த்ததும் பச்சையப்பன் நேராக என்னிடம் வந்தான். நான் கட்டுப்போட்ட கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். அடி விழவில்லை.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"வலிக்குது."

"நல்லா வலிக்கட்டும்" என்றான்.

செண்பகம் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வண்டி வந்தது, அவளை முதலில் ஏற்றிவிட்டு அவன் ஏறினான். நான் அடுத்த வண்டியில் வந்தேன்.