சத்து மாத்திரை

அன்புள்ள அப்பா,

போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

என் மாத்திரைப் புட்டியில் மருந்தின் பெயரை நகத்தால் சுரண்டிவிட்டு, "சத்து மாத்திரைடா கண்ணு, முழு டம்ளர் தண்ணி குடிக்கணும்" என்றீர்கள். அடியில் இருந்த 'டைரோசின் கைனேஸ் தடுப்பான்' என்ற வரியை, இவளுக்கு என்ன புரியப்போகிறது என்று விட்டுவிட்டீர்கள்.

உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். "கைனேஸ் செல்லுக்குள்ள இருக்கிற சுவிட்ச் மாதிரி. சிலருக்கு ரத்தத்துல அது அணையாம மாட்டிக்கும், செல் பெருகிட்டே போகும். மருந்து போய் அதை அணைச்சு வைக்கும். யாருக்குடி கேக்கிறே?" என்றார். "சும்மாதான் டீச்சர்" என்றேன். பொய் சொல்வதில் உங்கள் மகள்தானே!

அந்த நோயின் பெயரை எழுதக் கை வரவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தச் சுவிட்சைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு நன்றி. தினமும் எனக்குத் துணையாக நீங்களும் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்கிறீர்களே, அதற்கு இன்னும் பெரிய நன்றி.

நாளை ரத்தப் பரிசோதனை முடிவு வாங்கத் தனியாகப் போகாதீர்கள். போன தடவை குழாயடியில் முகம் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தீர்கள். இந்தத் தடவை நானும் வருகிறேன்.

உங்கள்
கண்ணு