திவ்யாவின் மாத்திரைக் கணக்கு

ஆடி 13, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. சுகாதார நிலையத்தில் இருந்தவர்கள்: நான், மகள் திவ்யா (ஏழாம் மாதம்), அவள் மாமியார், நர்ஸம்மா. நான்கே பேர்.

ரத்த அளவு 7.2. போன தடவை 8.4. ஏறவில்லை, இறங்கியிருக்கிறது.

என்னிடம் வந்த நாள் முதல் இரும்பு மாத்திரை 61. நோட்டில் 61 டிக். முட்டை தினம் ஒன்று. முருங்கைக்கீரை வாரம் மூன்று. நோட்டைப் பிரித்துக் காட்டினேன்.

சம்பந்தியம்மா சிரித்தார். "டிக் அடிச்சா ரத்தம் ஊறிருமாக்கும்? உங்க பொண்ணு மாத்திரைய ஜன்னல் வழியா வீசியிருப்பா. வெளிய இருக்கற செடிக்கு ரத்தம் பாருங்க, நல்லா ஏறியிருக்கும்."

நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குடையோடு ஜன்னலுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். திவ்யா கண்டுவிட்டாள். "என்னம்மா தேடற?" அவளுக்குப் புரிந்துவிட்டது. சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

துணி மூன்றாம் நாளாகக் காயவில்லை.

ஆடி 14, புதன்

மழை விட்டு மூடுபனி. எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் போகும் வழியில் நர்ஸம்மா எட்டிப் பார்த்தார். டீ போட்டேன். திவ்யாவுக்கும் ஒரு டம்ளர், கூடவே மாத்திரை.

"அக்கா, என்னங்க பண்றீங்க?"

"மாத்திரைங்க. தண்ணியில விழுங்கினா குமட்டுதுங்கறா."

"தினமும் டீயிலதானுங்களா?"

"ஒருநாள் விட்டதில்லீங்க."

நர்ஸம்மா தன் டம்ளரைக் கீழே வைத்தார். "டீ அந்தச் சத்த உடம்புல சேரவிடாதுங்க அக்கா. ரெண்டு மணி நேரம் முன்னயும் ஆகாது, பின்னயும் ஆகாது. எலுமிச்சைத் தண்ணியில குடுத்திருக்கலாமே. யாரும் சொல்லலீங்களா?"

சொல்லியிருப்பார்கள். ஒரு நாளைக்கு எத்தனை என்பதை மட்டும்தான் நான் காதில் வாங்கினேன்.

61-உம் என் கையால். வீட்டுக்காரருக்கு டீ ஃபேக்டரியில் கொடுக்கும் தூள், தெம்பாக இருக்கட்டும் என்று கூட ஒரு கரண்டி.

நர்ஸம்மா சொன்னவை: பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தாயிடமிருந்து சத்தைச் சேர்த்துக்கொள்ளும். பிறந்து ஆறு மாதம் அந்தச் சேமிப்பில்தான் ஓடும். தாயிடமே இல்லையென்றால் அதுவும் வெறுங்கையோடு வரும். இந்த வாரமே ஊட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்பில் இரும்புச் சத்து ஏற்றவேண்டும். இன்னும் இறங்கினால் ரத்தமே ஏற்றவேண்டி வரும்.

"இது இப்ப வந்ததில்லீங்க. சின்னதுலயே ஆரம்பிச்சிருக்கும்."

ஆரம்பித்ததும் நானே. எழுதிப் பார்க்கிறேன்.

திவ்யா எட்டு மாதக் குழந்தை: டீயில் ரஸ்க் நனைத்து ஊட்டினேன். பிள்ளை அழாமல் இருக்கிறாள் என்று சந்தோஷம்.

பதின்மூன்று வயது: பெரியவளானாள். ஒன்பது நாள் உளுந்தங்களி, அத்தோடு சரி. பிறகு என்னோடு வெள்ளிக்கிழமை விரதம், டீ மட்டும். பக்தி என்று பெருமைப்பட்டேன். பள்ளியில் வாரம் ஒன்று கொடுத்த நீல இரும்பு மாத்திரை வயிற்றைப் பிரட்டியது. வேண்டாம் என்றதும் நான்.

பத்தொன்பது: கல்யாணம்.

ஆடி 16, வெள்ளி

காற்று. கரண்ட் இல்லை.

ஆடி வெள்ளியில் விரதமில்லாதது இதுவே முதல் முறை. அவளைச் சாப்பிட வைக்க நானும் சாப்பிட்டேன். அம்மன் முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்தேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

திவ்யா ஊட்டிக்கு வரமாட்டேன் என்கிறாள். "அவரு சொல்லாம வந்தா அத்தை ஆயுசுக்கும் பேசுவாங்கம்மா."

சம்பந்தியம்மா போனில்: "ஊசி மருந்தெல்லாம் ஏத்தினா புள்ளைக்கு ஆகாதுங்க. மாத்திரைய வீசாம முழுங்கச் சொல்லுங்க, போதும்."

டீயில் கொடுத்தது நான் என்று சொல்ல இரண்டு நாளாக வாய் வரவில்லை. இன்றும் வரவில்லை. அவர் போனை வைத்துவிட்டார்.

திவ்யாவின் நகம் வெளுத்திருக்கிறது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எலுமிச்சைத் தண்ணீரில் கொடுத்த மாத்திரை: 2. இரண்டால் என்ன ஆகும்.

திருப்பூரில் வேலைக்கு இருக்கும் மாப்பிள்ளைக்குப் போனில் அனுப்பியது, அப்படியே:

மாப்பிள்ளை, திவ்யா ஒரு மாத்திரைகூட வீசவில்லை. டீயோடு கொடுத்து வீணாக்கியது நான். இதை உங்கள் அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள். ஊட்டியில் சேர்க்க நீங்கள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் வருவாள். நாளைக் காலை ஆறரை மணி பஸ். அதற்குள் பதில் போடுங்க.