கணக்குக்கு வேர்ப்பதில்லை

ஜூலை 8, செவ்வாய். பிரிக்ஃபீல்ட்ஸ். புகைமூட்டம், மழை இல்லை.

எங்கள் ஆய்வுக் குழு கட்டிய கணினி மாடல் ஏழைகளைப் பற்றிப் பொய் சொல்கிறது. நாட்டின் மின்நிலையங்கள், வீடுகள், கட்டணம் எல்லாம் அதற்குள். மின்கட்டணத்தை ஏற்றினால் யாருக்கு வலிக்கும் என்று கேட்டோம். மலிவு அடுக்குமாடிகளுக்குப் பாதிப்பு குறைவாம். காரணம், பில் சிறியது. சிறிய பில் என்றால் சிறிய தேவை. எந்த மடையன் எழுதிய விதி? நாங்கள்தான்.

குழுத் தலைவர் டாக்டர் சிவநேசன்: "டேட்டா அப்படித்தான் சொல்லுது மா." அறிக்கை மாதக் கடைசியில் அமைச்சுக்குப் போகிறது. யாருக்குச் சலுகை, யாருக்கு இல்லை என்பது அதை வைத்துத்தான்.

சலவைத் துணி எடுக்கவில்லை.

ஜூலை 12, சனி. கிள்ளான், அக்கா வீடு.

மலிவு அடுக்குமாடி, கொதிக்கும் மேல்மாடி. எல்லாரும் ஹாலில், ஒரே ஃபேனுக்குக் கீழே. சுவரில் ஓடாத குளிர்சாதனப் பெட்டி, ஏர்கோன்.

"கெட்டுப் போச்சா கா?"

"நல்லா ஓடும் லா. பில்லுக்குப் பயந்து சாமி படம் மாதிரி மாட்டி வச்சிருக்கோம். என் மாமியார் வந்தா மட்டும் தொறப்போம்."

அத்தான்: "மத்தியானம் சூட்டுக்குப் பிள்ளைங்கள மால்ல கொண்டு விட்டுருவேன். கடைக்காரனே இப்ப பேர் சொல்லிக் கூப்புடுறான்."

சிரித்தோம். சின்னவள் கழுத்தெல்லாம் வேர்க்குரு. எங்கள் கணினி மாடலைக் கேட்டால் இவர்கள் சௌக்கியம்.

ஜூலை 14, திங்கள். இன்னும் வெயில்.

பக்கத்து மேசை பரீடாவிடம் சொன்னேன். அவள் கேள்வியே கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டாள். விதியை மாற்றினோம். பில்லைப் பார்க்காதே, வீட்டில் எத்தனை பேர், வெளியே எவ்வளவு சூடு, அதைப் பார். சாப்பிட வாங்கி வைத்த ரொட்டி சானாய் ஆறிப்போனது. முடிவு தலைகீழ்: அதிகம் அடிபடுவது அதே அடுக்குமாடிகள். இன்னொன்றும் வந்தது. கூரையில் சூரியத் தகடு போட்டு, அந்த மின்சாரத்தைக் கட்டடம் முழுக்கப் பகிர்ந்தால், பகல் வெயிலே பகல் ஏர்கோனை ஓட்டும். பரீடா மேசையைத் தட்டினாள். இந்த வேலையில் முதல்முறையாக நல்ல பசி.

ஜூலை 16, புதன். ஒருவழியாக மழை.

டாக்டரிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கு மா. பின்னிணைப்புல போடலாம்."

"பின்னிணைப்ப யாரு டாக்டர் படிப்பா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. வரைபடத்தைப் பெரிதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். கிள்ளானில் விரல் வைத்தார். அடுத்த கூட்டத்தைத் தள்ளிப்போடச் சொன்னார்.

"இது முதல் பக்கம் டாக்டர். பழைய கணக்கு பின்னால போகட்டும்."

அவர் விரலை எடுக்கவில்லை. திரையை மூடவும் இல்லை.

திரும்பவும் சொன்னேன்: "முதல் பக்கத்துல போடுங்க."