மூன்றாவது ஐஸ் பை

சனிக்கிழமை இரவு, துபாய்.

மாப்பிள்ளை செந்தில் சாப்பாட்டு மேசையில் குட்டை ஒன்று, நீளம் ஒன்று என இரண்டு ஸ்க்ரூக்களை வைத்துக்கொண்டு நேற்றிலிருந்து தவித்தார். கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் தகரக் கால்வாயைப் பலகையில் பொருத்துவதற்கானவை. ஜெபல் அலி துறைமுகத்திலிருந்து பனி பெய்யும் நாட்டுக்குப் போகும் சரக்கு. அவர் பொறுப்பில் போகும் முதல் ஆர்டர்; பிசகினால் வேலை நிலைக்காது. இங்கே எப்போதும் போடும் குட்டை ஸ்க்ரூவே போதும் என்றாராம் மேனேஜர்.

"மழையே இல்லாத ஊருக்கு அது போதும். அங்க தண்ணி வடியாது மாப்பிள்ளை, உறைஞ்சு பாரமா தொங்கும்" என்றேன்.

"கிளாஸ் எடுக்காதீங்க அத்தை, ப்ரூஃப் காட்டுங்க."

முப்பது வருடம் அறிவியல் நடத்தியவள் நான். வாயால் மட்டும் எதையும் சொன்னதில்லை. கீழே கடையிலிருந்து ஆறு ஐஸ் பைகள் வாங்கிவரச் சொன்னேன். ஒரே பலகையில் இரண்டு கொக்கிகள்: ஒன்றுக்குக் குட்டை ஸ்க்ரூ, மற்றதற்கு நீளம். பால்கனியில் நிறுத்தி, இரண்டிலும் ஒவ்வொரு பையாக மாட்டினோம். மூன்றாவது பைக்குக் குட்டை பிடுங்கிக்கொண்டு என் காலருகே விழுந்தது; பைகள் கிழிந்து ஐஸ் சிதறியது. நீளம் அசையவே இல்லை.

மாப்பிள்ளை எடுத்த வீடியோ போன சற்று நேரத்தில் மேனேஜர் போனில் வந்தார். "அச்சா பாய், நீளமே அனுப்பு. கலாஸ், முடிஞ்சது!"

"பால்கனி பூரா தண்ணி. யாரும்மா துடைக்கிறது?" என்றாள் மகள்.

மாப்பிள்ளைதான் துடைத்தார், விசிலடித்துக்கொண்டே.

நீள ஸ்க்ரூவை நான் கழற்றவில்லை. நாளை அதில் என் காய்கறிப் பையை மாட்டுவேன்.