ஏம்மா

பிப்ரவரி 9

அன்புள்ள டிரைவர் ஐயாவுக்கு,

பக்கத்து வீட்டுத் தையல்காரி எழுதிக்கொள்வது. இடுப்பு எலும்பு கூடி வருகிறது என்று உங்கள் மகள் சொன்னார். மனசு கொஞ்சம் ஆறியது. போனில் பேசினால் அவர் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். வீடே கேட்கும்போது எனக்கு நாக்கு எழும்ப மாட்டேன் என்கிறது. அதனால்தான் கடிதம்.

நீங்கள் இல்லாமல் தெரு திண்டாடுகிறது. ஜன்னலில் நின்று, "வா வா வா, லெஃப்ட்ல ஒடி, போதும் போதும்" என்று கத்த ஆளில்லை. போன வாரம் ஒரு சாமான் வண்டி ரிவர்ஸில் வந்து பழக்கடையை இடித்து, ஆரஞ்சு எல்லாம் சாவிக் கடை வரைக்கும் உருண்டது. பழக்கடைக்காரர் வண்டிக்காரனைத் திட்டவில்லை. உங்கள் ஜன்னலைப் பார்த்துத் திட்டினார். "ஊரெல்லாம் பஸ் ஓட்டின மனுஷனுக்கு வீட்டுக்குள்ள நடக்கத் தெரியலையே" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் மாடி நடன வகுப்பில் இப்போது காலையிலும் குதிக்கிறார்கள். என் வீட்டு மின்விசிறி போடாமலே ஆடுகிறது. ஜூஸ் கடையும் சாவிக் கடையும் பெயர்ப்பலகைச் சண்டையை இன்னும் முடிக்கவில்லை.

பார்க்கிறவர்கள் எல்லாம், "நீ இருந்ததால ஆச்சும்மா" என்கிறார்கள். கதவை உடைத்தது பிஸ்கட் வண்டி டிரைவர். ஹார்ன் அடித்தும் நீங்கள் ஜன்னலுக்கு வரவில்லையே என்று மேலே ஏறி வந்தவர் அவர்தான். நான் ஆம்புலன்ஸில் கூட வந்தேன், அவ்வளவே. அன்றைக்குக் காலை என் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவும் பாடிக்கொண்டிருந்தது. இல்லாவிட்டால் எனக்குக் கேட்டிருக்கும்.

மாத்திரையைத் தவறவிடாதீர்கள்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரி


பிப்ரவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மகள் வாசித்துக் காட்ட வந்தாள். எனக்கு இடுப்புதான் உடைந்தது, கண் இல்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

இது ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய வீடு. சுற்றிலும் இதே மாதிரி வீடுகள், இதே மாதிரி மௌனம். நாய்கூட யோசித்துத்தான் குரைக்கிறது. நான் தண்ணீர் குடித்தால் தொண்டையில் இறங்குவது எனக்கே கேட்கிறது. மருமகன் நல்ல பிள்ளை, ஆனால் ஒரு நாளைக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசினால் பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறான் போல. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் அறைக்கும் நடக்கிறேன். ஸ்டாப்பிங் இரண்டே இரண்டு, பயணிகள் இல்லை.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சுவரோரமாகக் கிடந்தேன் அல்லவா, உன் ரேடியோ முழுக்கக் கேட்டது. அறிவிப்பாளர் பெண், போனில் வந்த ஆளிடம் எப்போ கல்யாணம் என்று கேட்டு, "மூணு பேரன் இருக்காங்கம்மா" என்று வாங்கிக்கட்டிக்கொண்டாளே, அந்த நிலையிலும் சிரித்தேன். சிரித்ததில் உயிர் போகிற மாதிரி வலித்தது. அந்தப் பாட்டெல்லாம் துணைக்கு இல்லாவிட்டால் பயத்திலேயே போயிருப்பேன். உனக்குக் கோடிப் புண்ணியம்.

வீட்டைக் காலி செய்துவிடலாம் என்கிறாள் மகள். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

டிரைவர்


பிப்ரவரி 25

அன்புள்ள ஐயாவுக்கு,

கோடிப் புண்ணியம் என்றெல்லாம் எழுதாதீர்கள். படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் இங்கே குடிவந்த முதல் வாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேல்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைக் கேட்டு, யாரோ யாரையோ கொல்கிறார்கள் என்று பதறி உங்கள் கதவைத் தட்டினேன். "ஏம்மா, இந்தக் கட்டடத்துல காது பொது, வாய்தான் அவங்கவங்களுது. சண்டை வந்தா நம்ம சத்தத்தக் கொஞ்சம் ஏத்தி வச்சுக்கணும். அதுதான் இங்க மரியாதை" என்றீர்கள். அப்போது கவனித்தேன், ஒவ்வொரு வீட்டிலும் டிவி சத்தம் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது அந்த மரியாதை என்னிடம் இல்லை. நேற்று அவர்கள் ஆரம்பித்ததும் மேலே போய்க் கதவைத் தட்டினேன். அந்த அம்மா திறந்து, "நாங்க பேசிக்கிட்டிருக்கோம், உங்களுக்கு என்ன வேணும்?" என்றார். பின்னால் அவர் புருஷன் வேறு, "சண்டைகூட நிம்மதியாப் போட முடியல" என்றார். முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சி.

நடன வகுப்பில் யாரோ பாத்திரத்தைப் போட்டார்கள், அதற்கும் ஓடினேன். சாவிக் கடைக்காரர் தும்மினால்கூட, "கூப்பிட்டீங்களா?" என்று கேட்கிறேனாம். தெருவில் எனக்கு ஆம்புலன்ஸ் அக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். சிரித்துக்கொள்கிறேன். தையல்தான் பாதிக்குப் பாதி நிற்கிறது.

உங்கள் மகள் எனக்கு ஒரு சால்வை அனுப்பியிருக்கிறார், அப்பாவைக் காப்பாற்றியதற்கு என்று எழுதி. அதை நான் பிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரி


மார்ச் 8

அம்மா,

நல்ல சேதி. வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டேன். டாக்டர் இன்னும் சில வாரத்தில் படியேறலாம் என்கிறார்.

மகளிடம் பேசிவிட்டேன். அந்தத் தெருவில் நான் இல்லாமல் ஒரு வண்டியும் ஒழுங்காக நிற்காது, இந்த வீட்டில் நான் இருந்தும் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை, திரும்பிப் போகிறேன் என்றேன். அழுதாள். தனியாக எப்படி விடுவது, மறுபடியும் விழுந்தால் யார் பார்ப்பது என்றாள். தனியாக எங்கே, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள் என்று உன்னைச் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான் அடங்கினாள்.

ஒரே ஒரு நிபந்தனை. உன் கையால் ஒரு வரி எழுதித்தர வேண்டுமாம். நான் கூப்பிட்டால் உனக்குக் கேட்கும் என்று. அதை வைத்துத்தான் வீட்டை வைத்துக்கொள்வதா விடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு வரிதானே, சீக்கிரம் எழுதிப் போடு.

பழக்கடைக்காரரிடம் சொல்லிவை, நான் வந்து அவரைத் திட்டவேண்டியது பாக்கி இருக்கிறது.

டிரைவர்


மார்ச் 14

ஐயா,

அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டால் நீங்கள் வந்துவிடுவீர்கள். நீங்கள் வரவேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் என்னை நம்பி வருகிறீர்கள், அதுதான் என்னை எழுத விடவில்லை.

நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் அம்மா, எழுந்தால் அம்மா, ஜன்னலைத் திறந்தால் அம்மா. சுவர் வழியாக எத்தனையோ அம்மா கேட்டுப் பழகிவிட்டேன். அன்றைக்குக் காலையில் கேட்டதும் அதுதான் என்று இத்தனை நாளாக எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பொய். அன்றைக்கு நீங்கள் சொன்னது "ஏம்மா". வலிக்கிறவர்கள் அம்மா என்பார்கள், ஏம்மா என்று யாரும் கத்துவதில்லை. ஏம்மா என்றால் ஒரு ஆளைக் கூப்பிடுவது. இந்தக் கட்டடத்தில் நீங்கள் அப்படிக் கூப்பிடுவது என்னைத்தான்.

மறுபடியும் பட்டன் தைக்கவா, மாத்திரை அட்டையைப் படிக்கவா, போனால் பேச்சு மதியம் வரைக்கும் இழுக்குமே, ரெடிமேட் கடைக்காரர் தைக்கக் கொடுத்த பேன்ட்டுக்கு ஆள் அனுப்பிவிடுவாரே என்று நினைத்தேன். இரண்டாவது தடவையும் கேட்டது. குரல் வேறு மாதிரி இருந்தது. அது தெரிந்தும் கையை நீட்டி ரேடியோவை ஏற்றினேன். ஏற்றியதும் நிம்மதியாக இருந்தது ஐயா. அந்த நிம்மதியை நினைத்தால்தான் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

கதவை உடைத்த பிறகு, "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று ஓடிவந்தேனே, அந்த நடிப்பு எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆம்புலன்ஸில் என் கையை நீங்கள் விடவே இல்லை.

நீங்கள் கூப்பிட்டால் எனக்குக் கேட்கும். அன்றைக்கும் நன்றாகக் கேட்டது. இதையே உங்கள் மகளிடம் காட்டுங்கள். இனிமேல் ஓடிவருவேன் என்று சொல்லத் துடிக்கிறது. என் வார்த்தையை வைத்து நீங்கள் முடிவு செய்யக்கூடாது என்பதால் சொல்லவில்லை.

மன்னித்துவிடுங்கள் என்று எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

தையல்காரி


ஏப்ரல் 2

அம்மா,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான். நடக்கும்போது இடுப்பு வலித்தால் உன்மேல் கோபம் வருகிறது. உட்கார்ந்தால் போய்விடுகிறது. இப்போது உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நீ எழுதியது எனக்குப் புதிய சேதி இல்லை. ரேடியோ ஏறியது எனக்குக் கேட்டது. அந்தக் கட்டடத்தில் சத்தம் ஏறினால் என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது? காதில் விழுந்துவிட்டது, வர இஷ்டமில்லை என்று புரிந்தது. அதனால்தான் அதற்கப்புறம் நான் கூப்பிடவில்லை. பாட்டு துணையாக இருந்தது என்று எழுதினேனே, அது பொய்யில்லை. வேறு என்ன துணை இருந்தது எனக்கு?

மகள் எந்த வரியும் கேட்கவில்லை. கேட்டது நான்தான். நீ அந்த வரியைச் சும்மா எழுதி அனுப்பியிருந்தால் வந்திருப்பேன். வந்து உன்னோடு பழையபடி சிரித்துப் பேசி, ஒருநாளும் உன்னை நம்பாமல் பக்கத்திலேயே இருந்திருப்பேன். உண்மையை எழுதினாய். இப்போது உன்னை நம்புகிறேன். ஆனால் அந்தச் சுவரோரம் மறுபடி படுக்க எனக்குத் தைரியம் வரவில்லை அம்மா. நானும் வயசானவன்தானே.

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. வீட்டை விட்டுவிடுகிறோம். மாசக் கடைசியில் மருமகன் வந்து சாமானை எடுப்பான். சால்வையைப் பிரித்துப் போர்த்திக்கொள், ஆம்புலன்ஸில் கையைக் கொடுத்தவளும் நீதான்.

கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் ஒன்று உறுத்துகிறது. முதல் வாரம் மேல்வீட்டுச் சத்தத்துக்குப் பதறி ஓடிவந்தவள் நீ. உன்னை உட்காரவைத்து, ஓடாதே, ரேடியோவை ஏற்று என்று பழக்கினவன் நான்.

என் வீட்டுக்குக் கைக்குழந்தையோடு யாரோ குடிவருகிறார்களாம். காய்கறி எங்கே மலிவு, மழை பெய்தால் தெருவில் எங்கே தண்ணீர் தேங்கும் எல்லாம் சொல்லிக்கொடு. முதல் ராத்திரி மேலே சண்டை வந்து அந்தப் பெண் பதறிப்போய் உன் கதவைத் தட்டினால், நான் உனக்குச் சொன்னதை நீ அவளுக்குச் சொல்லாதே. அவளோடு கூடப் போ.

டிரைவர்