நன்னடத்தைக்கு ஒரு கையெழுத்து

7-7-1963, ஞாயிறு

மாலையில் எங்கள் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் பட்டிமன்றம். தலைப்பு: ‘குற்றவாளி திருந்த முடியுமா, முடியாதா?’ முடியும் என்று மூன்று பேர், முடியாது என்று மூன்று பேர். பெஞ்சு தூக்கிப் போட்டது, ஜமக்காளம் விரித்தது, சோடா உடைத்துக் கொடுத்தது எல்லாம் நான். நாலு வருஷம் திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறேன். “இருதயநாதா, உன் அபிப்பிராயம் என்னப்பா?” என்று ஒருத்தராவது கேட்கணுமே! ஊஹூம். என்னைக் கேட்டால் சீக்கிரம் முடிந்துபோகும், அப்புறம் மாலை யாருக்குப் போடுவது?

நடுவர், ஸ்ரீரங்கம் சுப்புராமன். கெஜட்டட் ஆபீசர். ஒன்றே கால் மணி நேரம் பேசி, “நிச்சயம் திருந்த முடியும், சமூகம்தான் கை கொடுக்க வேண்டும்” என்று தீர்ப்புச் சொன்னார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். மேடையை விட்டு இறங்கியவர் காதில் யாரோ ஓதினார்கள், சோடா கொடுத்த ஆள் யார் என்று. உடனே திரும்பிப் போய், மேசைமேல் கழற்றி வைத்திருந்த கைக்கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

ஐயா, நான் கடிகாரம் திருடியவன் இல்லை. கையெழுத்துத் திருடியவன். அந்த மரியாதையையாவது கொடுங்கள்.

8-7-1963, திங்கள்

வேலை விட்டதும் பொன்மலைக்குப் போனேன். நான் உள்ளே போன நாளிலிருந்து என் பெண்டாட்டி செல்வமேரி, மகள் லூர்துராணியோடு தன் அண்ணன் சவரிநாதன் வீட்டில்தான். நான் வெளியே வந்து ஏழு மாசம் ஆச்சு. அரியமங்கலத்தில் அப்துல் மாலிக் பாயின் மரவாடியில் மரம் அளந்து எழுதும் வேலை இருக்கிறது. வாடகைக்கு ஓர் அறை இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்றால் மச்சான் கண்டிஷன் போடுகிறார்.

“மாப்பிள்ளை, தப்பா நினைக்காதீங்க. கெஜட்டட் ஆபீசர் ஒருத்தர்கிட்ட நன்னடத்தை சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க. அன்னிக்கே அனுப்பி வைக்கிறேன்.”

இருபது வருஷமாய் ரயில்வே ஆபீசில் ஃபைல் கட்டிய மனுஷர். ஏசுநாதரே வாசலில் வந்து நின்றாலும் ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்பார்.

செல்வமேரி அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள். லூர்து என்னைப் பார்த்து “வாங்க, உட்காருங்க” என்றாள். விருந்தாளிக்குச் சொல்வதுபோல. என் பிள்ளை, பத்து வயது!

9-7-1963, செவ்வாய்

என் நடத்தையை நாலு வருஷம் தினமும் பார்த்த ஒரே கெஜட்டட் ஆபீசர் ஜெயில் சூப்பரின்டெண்ட். அவரிடம் வாங்கிக்கொண்டு போய் நீட்டினால் மச்சான் மயங்கி விழுவார்.

வேறு யார்? பட்டிமன்ற நோட்டீசில் சுப்புராமன் கையெழுத்து அச்சாகியிருக்கிறது. மேலே இரண்டு சுழி, கீழே ஒரு வால். ஐந்து நிமிஷ வேலை. பள்ளிச் சான்றிதழ்களில் பெயிலானவனையெல்லாம் பாஸாக்கி, மூன்று ஹெட்மாஸ்டர்கள் கையெழுத்தை அவர்களைவிட அழகாகப் போட்டவன் நான். கோர்ட்டில் ஒரு ஹெட்மாஸ்டரே குழம்பிப்போய் “இது என்னுடையதுதான்” என்று சாதித்தார்.

நோட்டீசை அடுப்பில் போட்டேன். கஞ்சி கொதித்தது.

13-7-1963, சனி

பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போனேன். சுப்புராமன் வீட்டில் எனக்கு முன்னால் துவாக்குடிப் பக்கத்து ஆள் ஒருத்தன். ‘இவரை ஐந்து ஆண்டுகளாக நன்கு அறிவேன்’ என்று டைப் அடித்தே கொண்டு வந்திருந்தான். பேப்பர் படித்தபடியே கையெழுத்து, முத்திரை. ஐந்து ஆண்டுகளாக அறிந்தவன் முகத்தைக்கூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

என்னை மட்டும் பார்த்தார்.

“நீரா? உம்மை எனக்குத் தெரியாதே ஓய். தெரியாதவாளுக்கு எப்படிப் போடறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கோல்லியோ?”

“சமூகம் கை குடுக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க?”

“அது மேடை.”

14-7-1963, ஞாயிறு

‘அது மேடை.’ இதைப் பெரிய பலகையில் எழுதி ஜங்ஷனில் மாட்டலாம். ஊருக்கு வருகிறவர்கள் தெரிந்துகொண்டு வரட்டும்.

2-8-1963, வெள்ளி

மரவாடிக்கு சுப்புராமன் வந்தார்! தேக்கு வாங்க வந்திருக்கிறார் என்று பாய் ஓடிப்போய் நாற்காலி போட்டார். இவரோ என்னைப் பலகை அடுக்குக்குப் பின்னால் கூப்பிடுகிறார்.

தங்கை பிள்ளை ரெங்கநாதன், திருவெறும்பூரில் வரப்போகும் பெரிய ஆலைக்கு அப்ளிகேஷன் போடணுமாம். வயசு இரண்டு கூடிவிட்டது. எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தில் பிறந்த வருஷம் 1936. “ஆறை எட்டாக்கணும், அவ்வளவுதான். நீர் அதுல மகா கெட்டிக்காரராமே!” மூன்று வாரத்துக்கு முன்னால் என்னைத் தெரியவே தெரியாதாம். இப்போது என் திறமை வரைக்கும் தெரிகிறது.

சும்மா இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் பெயர். ‘ஒழுக்கமானவர், நேர்மையானவர், ஐந்து ஆண்டுகளாக நன்கு அறிவேன்.’ கையெழுத்து இடம் மட்டும் காலி. “வேலையை முடிச்சுக் கொண்டு வாரும். போட்டுத் தரேன்.”

நான் யோக்கியன் என்று அவர் எழுதித் தர, நான் ஓர் அயோக்கியத்தனம் செய்து தரவேண்டும். நாலு வருஷம் ஜெயிலில் இருந்தும் இப்படி ஒரு யோசனை சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை.

சிரித்துவிட்டு மறுத்தேனா? இல்லை. புத்தகத்தை வாங்கினேன். லூர்து சொன்ன ‘வாங்க’ காதிலேயே இருந்தது, வாங்கிக்கொண்டேன்.

4-8-1963, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எண்ணைத் திருத்துவது ஒரு வேலையே இல்லை. பக்கத்திலேயே எழுத்திலும் எழுதியிருக்கிறதே, ‘தர்ட்டி சிக்ஸ்’ என்று, வித்தை அங்கேதான். ‘சிக்ஸ்’ போய் ‘எய்ட்’ வரவேண்டும், அதே கை, அதே சாய்வு. பழைய தாளில் பழகினேன். முப்பது, நாற்பது தடவை. திடீரென்று வந்துவிட்டது — அச்சு அசல்!

சிரித்தேன். தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து வீட்டு கமர் ஜஹான் வாசலிலிருந்து, “என்னண்ணே, நல்ல சேதியா?” என்று கேட்டாள். அப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தேன்.

மரம் அளந்த எட்டு மாசத்தில் ஒரு நாளாவது இப்படிச் சந்தோஷமாக இருந்தேனா? என்னை உள்ளே தள்ளியது காசு இல்லை, இந்தச் சந்தோஷம்தான். அடப்பாவி, நீ இன்னும் சாகலையா? உள்ளேயேதான் உக்காந்திருக்கியா?

5-8-1963, திங்கள்

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

“ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவனுக்கு இவ்வளவு கொழுப்பா?” என்றார் சுப்புராமன். என் கண் எதிரிலேயே அந்தச் சான்றிதழை நாலாகக் கிழித்தார். ‘நேர்மையானவர்’ இரண்டு துண்டானார்.

திரும்பும்போது பஸ்ஸில் அழுதுவிட்டேன். யாரும் பார்க்காத யோக்கியதை எதுக்குடா உனக்கு? பிள்ளை பொன்மலையில் கிடக்கு, நீ இங்கே பெரிய உத்தமன்! கண்டக்டர் குனிந்து, “டிக்கெட் தொலைஞ்சிடுச்சா?” என்றார். ஆமாம் என்றேன்.

19-9-1963, வியாழன்

முந்தாநாள் மரவாடியிலிருந்து போலீஸ் கூட்டிப் போனார்கள். இன்றுதான் விட்டார்கள்.

ரெங்கநாதன் புத்தகத்தில் யாரோ திருத்தியிருக்கிறார்கள் என்று ஆலை ஆபீசில் கண்டுபிடித்துவிட்டார்களாம். சுப்புராமனைக் கேட்டதும், “அந்த ஜெயில் பேர்வழி வேலையாத்தான் இருக்கும்” என்று கை காட்டிவிட்டார். நல்லவேளை, என்னைத் தெரியாது என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

சப் இன்ஸ்பெக்டர் வீரமலை புத்தகத்தை என் முன்னால் விரித்துப் போட்டார். பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏன்யா சிரிக்கிறே?”

“இதை என் வேலைன்னு சொன்னா எனக்கு அவமானம் சார். பிளேடால சுரண்டி ஓட்டை போட்டிருக்கான். எண்ணுல முப்பத்தெட்டு, எழுத்துல முப்பத்தாறு அப்படியே இருக்கு பாருங்க.”

அவரும் பார்த்தார், அவரும் சிரித்துவிட்டார். கூட இணைத்திருந்த நகலிலும் அதே முப்பத்தெட்டு, அதே முப்பத்தாறு. கீழே ‘உண்மை நகல்’ என்று சுப்புராமன் கையெழுத்து, முத்திரை. வழக்கம்போல் பார்க்காமலே போட்டிருக்கிறார்!

ரெங்கநாதனைக் கூப்பிட்டு ஓர் அதட்டல்தான், அழுதுவிட்டானாம். “மாமா மொதல்ல அவர்கிட்டதான் குடுத்தார் சார். அவர் மாட்டேன்னுட்டார். அப்புறம் நானே பண்ணினேன்.” நான் மறுத்துத் திருப்பிக் கொடுத்தது உண்மை என்று சுப்புராமனிடமும் எழுதி வாங்கிவிட்டார்கள். இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாராம். சர்வீசில் முதல் தடவையாக இருக்கும்.

ஆகக்கூடி, எனக்கு நன்னடத்தைச் சான்று கிடைத்துவிட்டது. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்தோடு, போலீஸ் ஃபைலில்.

‘நான் அப்பவே சொன்னேனே’ என்று சொல்வதற்காக ஓடி வந்திருந்த மச்சான், எல்லாம் கேட்டுவிட்டு மெதுவாக வீரமலையிடம் போனார். “சார், அதுக்கு ஒரு ட்ரூ காப்பி கிடைக்குங்களா?” வீரமலை கத்திய கத்தலில் வெளியே நின்ற குதிரை வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

20-9-1963, வெள்ளி

மரவாடிக்குப் போகக் கால் கூசியது. பாய் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “ரெண்டு நாள் லோடு அளக்காம கெடக்கு, சீக்கிரம் வா” என்றார். எனக்கு அது போதும்.

22-9-1963, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் வாசலில் ட்ரங்குப் பெட்டி. பெட்டிமேல் லூர்து. பக்கத்தில் செல்வமேரி.

“அண்ணன் இன்னும் காப்பிக்குத்தான் அலையுது. அது கெடைக்கிறப்ப கெடைக்கட்டும், நான் வந்துட்டேன்” என்றாள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. “அந்தப் புத்தகத்தை மூணு நாள் வச்சிருந்தேன் மேரி. பழகிக்கூடப் பார்த்தேன்.”

“திருப்பிக் குடுத்தீங்கல்ல?”

“குடுத்தேன்.”

“அரிசி எங்க இருக்கு?”

14-10-1963, திங்கள்

லூர்து பள்ளிக்கூடத்திலிருந்து ப்ராக்ரஸ் கார்டு கொண்டு வந்தாள். கணக்கில் மட்டும் கொஞ்சம் குறைவு. பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தைக் காட்டிப் பேனாவை என் கையில் கொடுத்தாள். இத்தனை வருஷமும் அங்கே போட்டது மச்சான்.

ஊரார் பெயரையெல்லாம் முத்து முத்தாகப் போட்டவனுக்குத் தன் பெயர் வரவில்லை! ‘இருத’ ஒரு பக்கம், ‘யநாதன்’ ஒரு பக்கம். லூர்து எட்டிப் பார்த்து, “நல்லாவே இல்லப்பா” என்றாள்.

15-10-1963, செவ்வாய்

கார்டு திரும்பி வந்துவிட்டது. ரோசம்மாள் டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார்: ‘இது தகப்பனார் கையெழுத்தாகத் தெரியவில்லை. பெண்ணே போட்டதாகச் சந்தேகம். தகப்பனார் நேரில் வரவும்.’

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், பாய்க்குச் சொல்லி அனுப்பிவிட்டு லூர்துவோடு பள்ளிக்கூடம் போனேன்.

“நீங்கதான் தகப்பனாரா?”

“ஆமாங்க டீச்சர்.”

“எங்க, என் முன்னால ஒரு தடவை போடுங்க.”

போட்டேன். அதே கோணல், அதே இடைவெளி. டீச்சர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“நான்தான் சொன்னேனே டீச்சர்,” என்றாள் லூர்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி. “அது எங்க அப்பா போட்டதுதான்.”