கேட்காமல் அழித்த படங்கள்

ஆம்பூர்
12.2.2009

அன்புள்ள மகன் ஷாஜினுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அம்மாவும் உன் தங்கை பெர்சிஸும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. சிங்கப்பூரில் நீயும் மருமகள் ஜெனிஃபாவும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் பேசினால் மீட்டிங் என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம், இதையாவது கடைசிவரை படி.

தோல் தரம் பிரிக்கும் மேஜையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இப்போது குடோனில் பண்டல் எண்ணுகிறேன். நான் ஃபர்ஸ்ட் என்று பிரித்து அனுப்பிய லாட்டில் கத்தி வெட்டு ஜாஸ்தி என்று வெளிநாட்டுக்காரன் புகார் எழுதிவிட்டான். முதலாளி ரஷீத் அஹமது கோபப்படாமல்தான் கேட்டார், "நீங்கதான் லோடு ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தோலையும் போட்டோ புடிப்பீங்களே சுந்தர்ராஜ், கொண்டாங்க, அவனுக்கு அனுப்பிடலாம்" என்றார். சாக்பீஸால் லாட் நம்பர் எழுதி, ஒவ்வொன்றாக விரித்து, நீ வாங்கித் தந்த போனில்தான் பிடிப்பேன். போன் நிறைந்ததும் பெர்சிஸ் வயரை மாட்டி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு போனைக் காலி செய்வாள். அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனே நீதான். பெருமையாக வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால் லாட்டுக்கு ஒரு தோல் இருக்கிறது, மற்றதைக் காணோம்.

உனக்குப் போன் செய்தபோது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். "கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ என் போன் படத்த ஏத்தப் பார்த்தேம்பா, இடமில்லன்னு சொல்லிச்சு, பார்த்தா ஒரே தோலையே நூறு தடவ புடிச்சி வச்சிருக்கீங்க, ஒண்ண வச்சிட்டு மிச்சத்த தூக்கிட்டேன்" என்றாய். ஒவ்வொன்றும் ஒரு தனி ஆட்டின் தோலடா. தோல் காசில் இஞ்சினியர் ஆன பிள்ளைக்கு அதுகூடவா தெரியாமல் போயிற்று? பக்கத்து அறையில்தானே உட்கார்ந்திருந்தேன், இது வேண்டுமா என்று கேட்டிருந்தால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்திருக்கும்? அழித்ததை மீட்க வழி இருக்கிறது என்றும் சொன்னாய், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வேலூருக்கு பஸ்ஸில் போனேன். கம்ப்யூட்டர் கடை காசி பார்த்துவிட்டு, "அழிச்ச எடத்துல புதுசு ஒக்காந்துடுச்சு சார், பழசு வராது" என்றார். புதுசு என்றால் மகாபலிபுரத்தில் நீயும் ஜெனிஃபாவும் அலையில் நிற்கும் படங்கள்.

முதலாளி நம்புகிறேன் என்றுதான் சொல்கிறார், மேஜைக்குத் திரும்பி வா என்று சொல்லவில்லை. என்னோடு நின்று வேலை செய்த சத்தார் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். சுந்தர்ராஜுக்குக் கண் மங்கிவிட்டது என்று டீக்கடைவரை பேச்சு. எனக்கு வெட்கமாக இருக்கிறது, கோபமாகவும் இருக்கிறது. உன்னைத் திட்டி எழுத வேண்டாம் என்று அம்மா அழுகிறாள், பெத்த மனம் பித்து.

ஜெனிஃபாவின் இருமலுக்கு டாக்டரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலை விட்டுவிடாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் தம் செட்டைக்குள் மறைத்துக் காப்பாராக.

மறக்காமல் ஒரு பதில் எழுது. கம்ப்யூட்டர் மறுபடி இடமில்லை என்கிறது. அண்ணன் படத்தில் கொஞ்சம் எடுத்துவிடட்டுமா என்று பெர்சிஸ் கேட்டாள், கூடாது என்றேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று நீயே சொல். உன்னைக் கேட்காமல் உன் படம் ஒன்றையும் இந்த வீட்டில் யாரும் தொடமாட்டோம்.

இப்படிக்கு,
உன் அப்பா
தே. சுந்தர்ராஜ்